நான்கு எழுத்துகள், பல ஒலிகள்: ஓ-யூ-ஜி-எச் வரும் ஆங்கிலச் சொற்களைப் புதிதாகக் கற்பவர்களுக்கு

எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிக்க ஓரளவு பழகியவர்கள் பெரும்பாலும் தடுமாறி நிற்கும் இடம், ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்கள்தாம். 'ரஃப்' என்ற சொல்லில் 'அஃப்' என்று ஒலிக்கும் இந்த நான்கு எழுத்துகள் 'தோ' என்பதில் 'ஓ' என்றும், 'த்ரூ' என்பதில் 'ஊ' என்றும், 'காஃப்' என்பதில் 'ஆஃப்' என்றும், 'ப்ளவ்' என்பதில் 'அவ்' என்றும் ஒலிக்கின்றன. எழுத்தைக் கண்டதுமே ஒலி தெரிந்துவிடும் மொழியில் வளர்ந்தவருக்கு இது எரிச்சலூட்டுவது இயல்பே. இவை அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அப்படியொரு விதி கிடையாது. ஆனால் ஒலியின் அடிப்படையில் இச்சொற்களைக் குழுக்களாகப் பிரிக்க முடியும். அவற்றுள் அன்றாடம் தேவைப்படுபவை மிகச் சிலவே என்பதால், எதை முதலில் கற்பது, எதைப் பின்னர் கற்பது, எதை அப்படியே விட்டுவிடுவது என்ற வரிசை தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன்: இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் மெய்யொலி ஒன்று இருந்தது. 'பகல்', 'அகம்' என்று இயல்பாகப் பேசும்போது இடையில் வரும் மென்மையான ககரத்தைச் சற்று அழுத்திக் காற்றோடு சொன்னால் அந்த ஒலிக்கு ஏறத்தாழ அருகில் வந்துவிடலாம். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு வந்த நூற்றாண்டுகளில், பிரெஞ்சு எழுத்துமுறையில் பயின்ற எழுத்தர்கள் அந்த ஒலியை ஜி-எச் என்ற இரட்டை எழுத்தால் குறிக்கத் தொடங்கினர். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியதற்குப் பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்து நின்றது. அதே காலத்தில் பேச்சு மட்டும் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. தொண்டை ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது, வேறு சிலவற்றில் 'ஃப்' ஆக மாறியது. உயிரொலிகளும் ஒவ்வொரு வட்டாரத்தில் ஒவ்வொரு விதமாகத் திரிந்தன. அச்சில் நிற்பது பழைய உச்சரிப்பு, வாயில் வருவது புதிய உச்சரிப்பு என்ற நிலை அப்போது உருவாகி இன்றுவரை தொடர்கிறது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இரவைக் குறிக்கும் சொல்லிலும் மகளைக் குறிக்கும் சொல்லிலும் அந்தத் தொண்டை ஒலி இன்னும் உயிரோடிருக்கிறது. ஆங்கிலத்தின் 'நைட்', 'டாட்டர்' ஆகியவற்றில் அதன் தடம் பேசாத ஜி-எச் ஆக மட்டும் எஞ்சியுள்ளது.

முதற்படி: ஏற்கெனவே தெரிந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்

பள்ளிக்குச் சென்ற எவருக்கும் 'ரஃப் நோட்டு' தெரியும். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் 'பேப்பர் டஃப்' என்று சொல்லாத மாணவர் அரிது. ஆகவே முதல் குழு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'ரஃப்' என்றால் சொரசொரப்பான, திருத்தப்படாத, தோராயமான, முரட்டுத்தனமான என்று பல பொருள்கள் உண்டு. 'டஃப்' என்பது கடினமான, எளிதில் உடையாத, உறுதியான என்று பொருள்படும். இவற்றோடு 'போதிய' என்று பொருள்படும் 'இனஃப்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால், 'அஃப்' ஒலியில் முடியும் முக்கியச் சொற்கள் மூன்றும் முடிந்துவிடுகின்றன.

'இனஃப்' சொல்லில் உச்சரிப்பைவிட இடம்தான் சிக்கல். பெயர்ச்சொல்லுக்கு அது முன்னால் வரும்: 'இனஃப் மணி' என்றால் போதிய பணம். பண்பைக் குறிக்கும் சொல்லுக்கோ பின்னால் வரும்: 'குட் இனஃப்', 'ஓல்ட் இனஃப்'. தமிழில் 'போதிய' என்பது எப்போதும் முன்னாலேயே நிற்பதால், நம்மவர்கள் 'இனஃப் குட்' என்று எழுதிவிடுகிறார்கள். இதை எழுதிப் பார்த்துப் பழகுவதைவிட, 'குட் இனஃப், பிக் இனஃப், ஃபாஸ்ட் இனஃப்' என்று வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவதே பயன்தரும்.

இரண்டாம் படி: நான்கு உடன்பிறப்புகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமுண்டு என்பவர்கள் இதைப் படியுங்கள். 'தோ', 'த்ரூ', 'தரா', 'தாட்' ஆகிய நான்கும் டி-எச் என்று தொடங்குகின்றன, நான்கிலும் அதே ஓ-யூ-ஜி-எச் இருக்கிறது, நான்குமே அன்றாடக் கடிதங்களில் வருகின்றன. அலுவலக மின்னஞ்சல்களில் 'கோப்பைப் படித்துப் பார்த்தேன்' என்று சொல்ல வந்து, 'த்ரூ' எழுத வேண்டிய இடத்தில் 'தரா' என்ற சொல்லை எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. அதுவும் சரியான ஆங்கிலச் சொல்லே என்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் பெரும்பாலும் அதைப் பிடிப்பதில்லை.

எழுத்துக்கூட்டலை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் டி-எச், முடிவில் ஓ-யூ-ஜி-எச். இரண்டுக்கும் இடையில் எதுவும் இல்லாவிட்டால் அது 'தோ'. இடையில் ஆர் என்ற ஓரெழுத்து வந்தால் 'த்ரூ'. ஓ-ஆர் என்று இரண்டு எழுத்துகள் வந்தால் 'தரா'. இடையில் எதுவும் இல்லாமல் கடைசியில் ஒரு டி ஒட்டிக்கொண்டால் 'தாட்'.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நால்வரில் 'தோ' மட்டுமே 'அது', 'இது' என்று சொல்லும்போது நம் வாயில் இயல்பாக வரும் மெல்லிய தகரத்தோடு தொடங்குகிறது. மற்ற மூன்றிலும் நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் வெளியே விட வேண்டும். தமிழெழுத்தில் இரண்டையும் 'த' என்றே எழுத வேண்டியிருப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருவோம். 'தோ' என்றால் 'என்றாலும்', 'இருந்தபோதிலும்'. 'ஆல்தோ' என்பதும் அதே பொருளைத் தருவது, சற்று முறையான நடைக்கு உரியது. 'மழை பெய்தபோதிலும் நாங்கள் வெளியே போனோம்' என்பதை 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட் அவுட்' என்று சொன்னால் போதும். 'பெய்தது, ஆனாலும்' என்ற நம் பேச்சுப் பழக்கத்தால் நடுவில் 'பட்' என்ற சொல்லையும் நுழைத்துவிடுகிறோம். ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ', 'பட்' என்ற இரண்டும் இருக்கக் கூடாது. நடந்துவிட்ட செயலைக் குறித்து 'பெய்தபோதிலும்' என்பதற்கு 'ஈவன் தோ' என்றும், நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற நிலையில் 'பெய்தாலும்கூட' என்பதற்கு 'ஈவன் இஃப்' என்றும் சொல்ல வேண்டும். பேச்சில் 'தோ' வாக்கியத்தின் இறுதியிலும் வந்து நிற்கும். 'இட் இஸ் எக்ஸ்பென்ஸிவ். இட் இஸ் குட், தோ' என்றால் 'விலை அதிகம்தான். ஆனாலும் நன்றாக இருக்கிறது' என்று பொருள். இந்த இறுதி 'தோ' காதில் விழத் தொடங்கிவிட்டால் ஆங்கில உரையாடல்களில் அது அடிக்கடி வருவதைக் கவனிப்பீர்கள்.

'த்ரூ' என்பதற்கு வழியாக, மூலமாக என்று பொருள். இலங்கைத் தமிழில் சரளமாகப் புழங்கும் 'ஊடாக' என்ற சொல் இதற்கு இன்னும் நெருக்கமானது. 'த்ரூஅவுட்' என்றால் தொடக்கம் முதல் இறுதிவரை, எங்கும். 'தரா' என்பது முழுமையான, ஒன்றையும் விடாத என்ற பண்பைக் குறிக்கும்: 'அ தரா செக்' என்றால் ஒன்றுவிடாமல் செய்த சோதனை. இதை அமெரிக்கர்கள் 'தரோ' என்பார்கள். வரலாற்றுப்படி 'த்ரூ', 'தரா' இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்; ஒரு பொருளுக்குள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரும்வரை பார்த்தால் அது முழுமையான சோதனைதானே? இங்கிலாந்துத் தெருக்களில் 'நோ தரஃபேர்' என்று பலகை இருந்தால் அந்தப் பாதையில் ஊடுருவிச் செல்ல வழியில்லை என்று பொருள். அந்தச் சொல்லில் 'தரா' தன் பழைய பொருளான 'ஊடாக' என்பதையே இன்னும் தாங்கி நிற்கிறது.

'தாட்' பெயர்ச்சொல்லாக வந்தால் எண்ணம். வினையாக வந்தால் 'நினைத்தேன், நினைத்தார்' என்ற இறந்தகாலம். இது நம்மை அடுத்த படிக்கு இட்டுச் செல்கிறது.

மூன்றாம் படி: இறந்தகால வினைகள்

நாலெழுத்தோடு டி சேர்ந்த சொற்கள் பெரும்பாலும் 'ஆட்' என்று ஒலிக்கும். இந்தக் குடும்பத்தில் ஒழுங்கு இருக்கிறது என்பதால் இதுவே கற்க எளிது. 'திங்க்' என்பது 'தாட்' ஆகிறது. 'பை' என்ற வாங்குதல் 'பாட்' ஆகிறது. 'பிரிங்' என்ற கொண்டுவருதல் 'பிராட்' ஆகிறது. 'ஃபைட்' என்ற சண்டையிடுதல் 'ஃபாட்' ஆகிறது. 'சீக்' என்ற தேடுதல் 'சாட்' ஆகிறது. இவற்றுள் வாங்கினேன், கொண்டுவந்தேன் என்ற இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் மிகுதி. மூலவினையில் ஆர் இருந்தால் இறந்தகாலத்திலும் ஆர் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் இந்தப் பிழை நேராது.

'வொர்க்' என்ற வினைக்கும் ஒரு காலத்தில் 'ராட்' என்ற வடிவம் இருந்தது. அதன் தொடக்கத்தில் ஒலிக்காத ஒரு டபிள்யூ எழுதப்படும். இன்று அது 'ராட் அயர்ன்' என்ற தொடரில், அடித்து உருவாக்கப்படும் தேனிரும்பின் பெயரில், முக்கியமாக வாழ்கிறது.

'ஆட் டு' என்பது 'செய்வது முறை', 'செய்ய வேண்டும்' என்ற அறவழிக் கடமையைச் சொல்வது. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் இது. கடன் என்ற சொல்லிலிருந்து கடமையைப் பெற்ற தமிழர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை. செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை என்று சொல்ல 'ஆட் டு ஹேவ்' என்று எழுதி, வினையின் முடிந்த வடிவத்தைச் சேர்க்க வேண்டும்.

ஓ இருக்கும் இடத்தில் ஏ வந்து, ஏ-யூ-ஜி-எச்-டி என்று முடியும் இரண்டு வினைகளையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்: 'டீச்' என்பதன் 'டாட்', 'கேட்ச்' என்பதன் 'காட்'. மூலவினையில் ஏ இருப்பவை ஏ-யை விடாமல் வைத்துக்கொள்கின்றன. கற்பித்தேன் என்பதும் நினைத்தேன் என்பதும் எழுத்தில் குழம்புவதற்கு இந்தக் குறிப்பு போதிய மருந்து.

இந்தக் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. வறட்சியைக் குறிக்கும் சொல் 'ட்ரவுட்' என்று ஒலிக்கும். அதில் ஓ-வுக்குப் பதிலாக ஏ எழுதிவிட்டால் அது அறைக்குள் புகும் குளிர்காற்றைக் குறிக்கும் 'ட்ராஃப்ட்' ஆகிவிடும். வேளாண்மை பற்றிய கட்டுரையில் இந்த ஓரெழுத்துப் பிழை நகைப்புக்கிடமாகும்.

நான்காம் படி: மிச்சம் இருப்பவை

இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாசிப்பில் எதிர்ப்படும்போது அடையாளம் கண்டால் போதும். 'காஃப்' இருமல், 'ட்ராஃப்' கால்நடைகளுக்குத் தீனி அல்லது தண்ணீர் வைக்கும் தொட்டி. 'டோ' பிசைந்த மாவு. அமெரிக்கப் பேச்சுவழக்கில் பணம். 'பவ்' மரத்தின் பெருங்கிளை; 'ப்ளவ்' ஏர். நாம் சப்தரிஷி மண்டலம் என்றழைக்கும் ஏழு விண்மீன்களைப் பிரிட்டனில் ஏரின் பெயரால் 'த ப்ளவ்' என்றே அழைக்கிறார்கள். 'பரா' நகர நிர்வாகப் பிரிவு. 'நாட்' பூச்சியம். 'ஃபர்லோ' விடுப்பு, இந்தியாவில் சிறைவாசிகளுக்குத் தரப்படும் தற்காலிக விடுப்பைக் குறித்த செய்திகளில் இதைக் காணலாம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்டன் அரசு ஊதியத்தின் ஒரு பகுதியைத் தந்து தொழிலாளர்களை வீட்டில் இருத்தியபோது அங்கே இது அன்றாடச் சொல்லாயிற்று.

விக்கலைக் குறிக்கும் சொல்லை நாலெழுத்து முடிவோடும் சிலர் எழுதுவார்கள். ஒலி மட்டும் 'ஹிக்கப்' என்றே இருக்கும். இருமலோடு தொடர்புடையது என்று தவறாகக் கருதி ஏற்படுத்திய எழுத்துக்கூட்டல் அது. யூ-பி என்று முடிக்கும் எளிய வடிவமே இன்று பரவலானது, அதையே எழுதுங்கள்.

எஸ்-எல் என்று தொடங்கும் 'ஸ்லஃப்', பாம்பு சட்டையை உரிப்பதுபோல் உதிர்த்துவிடுவதைக் குறிக்கும். அதே எழுத்துகள் சேற்று நிலத்தைக் குறித்தால் 'ஸ்லவ்'. லண்டனுக்கு மேற்கே உள்ள ஊரின் பெயரும் 'ஸ்லவ்' என்றுதான் ஒலிக்கும். இங்கிலாந்தின் 'லஃப்பரா' என்ற ஊரின் பெயரில் நாலெழுத்து இருமுறை வந்து, முதல் இடத்தில் ஒரு விதமாகவும் இரண்டாம் இடத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லிலோ முடிவில் ககரம் கேட்கும். ஆங்கிலேயர்களே பிற ஊர்ப் பெயர்களில் தடுக்கி விழுவதுண்டு என்பதால், இவற்றுக்காக நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

ஐந்தாம் படி: மரபுத்தொடர்கள்

புதிதாகக் கற்பவர்கள் மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, அவற்றைக் கடிதங்களில் அள்ளித் தெளிப்பதைப் பார்க்கிறோம். அது நடையைச் செயற்கையாக்கும். தயக்கமின்றிப் பயன்படுத்தத் தக்கவை, கேட்டால் புரிந்தால் போதும் என்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்தத் தக்கவற்றில் 'ஃபேர் இனஃப்' முதலிடம் பெறும். எதிராளி சொன்னதை ஏற்று 'சரி, நியாயம்தான்' என்று சொல்வதற்கு அது உதவும். 'அ ரஃப் எஸ்டிமேட்' தோராயமான மதிப்பீடு. 'ஃபூட் ஃபார் தாட்' சிந்திக்க வைக்கும் செய்தி. 'ஐ ஆம் ஹேவிங் செகண்ட் தாட்ஸ்' என்றால் எடுத்த முடிவைக் குறித்து மறுயோசனை வந்துவிட்டது என்று பொருள். 'ரஃப் பேட்ச்' என்றால் வாழ்விலோ தொழிலிலோ வரும் சோதனைக் காலம். 'ஃபால் த்ரூ' என்றால் திட்டமிட்ட காரியம் நடக்காமல் போவது. நடக்கவிருந்த நிலப்பதிவு கைகூடாமல் போனதையும் இப்படிச் சொல்லலாம். 'சீ த்ரூ' என்பதில் செயப்படுபொருளின் இடத்தைக் கவனியுங்கள்: 'சீ இட் த்ரூ' என்றால் ஒரு வேலையை இறுதிவரை விடாமல் முடிப்பது, 'சீ த்ரூ ஹிம்' என்றால் ஒருவருடைய வேடத்தை ஊடுருவி அறிவது.

புரிந்தால் போதும் என்பவற்றில் 'த்ரூ திக் அண்ட் தின்' 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையிலேயே காணப்படுவது. அடர்ந்த புதரானாலும் வெட்டவெளியானாலும் நிற்காமல் செல்வதைக் குறித்துப் பிறந்து, இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பதைக் குறிப்பதாக வளர்ந்தது. 'ரைட் ரஃப்ஷாட் ஓவர்' என்றால் பிறருடைய உணர்வையோ உரிமையையோ மிதித்துத் தள்ளிக்கொண்டு போவது. வழுக்காமல் இருக்க ஆணிமுனைகள் துருத்தி நிற்குமாறு லாடம் அடித்த குதிரையிலிருந்து இது வந்தது. 'ஸ்லீப் ரஃப்' என்றால் வீடின்றித் தெருவில் உறங்குவது. கரடுமுரடான படுக்கையில் தூங்குவது என்று நேர்ப்பொருள் கொண்டால் செய்தியே மாறிவிடும். 'டேக் த ரஃப் வித் த ஸ்மூத்' என்றால் மேடுபள்ளங்களைச் சமமாக ஏற்பது. 'காஃப் அப்' என்றால் மனமில்லாமல் பணத்தை எடுத்து வைப்பது. 'ப்ளவ் பேக்' என்றால் வந்த இலாபத்தை அதே தொழிலில் திரும்ப முதலீடு செய்வது. 'டஃப் லக்' சொல்லும் தொனியைப் பொறுத்து அனுதாபமாகவும் ஏளனமாகவும் ஆகும் என்பதால் அதை நீங்களாகச் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

தொலைபேசியில் 'யூ ஆர் த்ரூ' என்று பிரிட்டன்காரர் சொன்னால் இணைப்புக் கிடைத்துவிட்டது என்று பொருள். அமெரிக்கர் 'ஆர் யூ த்ரூ?' என்று கேட்டால் பேசி முடித்துவிட்டீர்களா என்று பொருள். இரண்டு நாட்டவரோடும் பேசும் வாடிக்கையாளர் சேவைப் பணிக்குச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

ஆறாம் படி: எந்த எழுத்துக்கூட்டலை எழுதுவது

அமெரிக்கர்கள் இந்தக் குடும்பத்தைக் குறைக்கப் பலமுறை முயன்றார்கள். 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களுக்கு எளிய எழுத்துக்கூட்டலை அரசு அச்சகம் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. சிகாகோ டிரிப்யூன் நாளேடு 1934 முதல் தானாகவே இத்தகைய சுருக்கங்களைப் பயன்படுத்தி, 1975இல் 'தோ', 'த்ரூ' ஆகியவற்றின் சுருக்க வடிவங்களைக் கைவிட்டது. ஏர், விக்கல் போன்ற சில சொற்களில் எளிய வடிவம் அங்கே நிலைபெற்றுவிட்டது. உணவகங்களின் 'டிரைவ்-த்ரூ' பலகைகளில் சுருங்கிய 'த்ரூ' இன்றும் தொங்குகிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் கல்வியும் அலுவலகமும் பிரிட்டன் வழக்கையே பெரும்பாலும் பின்பற்றுவதால், ஏரைக் குறிக்கும் சொல்லை நாலெழுத்தோடும், 'த்ரூ' என்பதை முழு வடிவிலும் எழுதுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் டி-எச்-ஆர்-யூ என்று சுருக்குவதில் தவறில்லை. வேலை விண்ணப்பத்திலும் தேர்வுத்தாளிலும் அது பிழையாகவே கருதப்படும். கைப்பேசி விசைப்பலகையின் மொழித் தேர்வு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது பரிந்துரைக்கும் எழுத்துக்கூட்டலும் அமெரிக்க வழக்கில்தான் இருக்கும். அமைப்புகளுக்குள் சென்று அதை இந்திய ஆங்கிலம் அல்லது பிரிட்டன் ஆங்கிலம் என்று மாற்றிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.